பெயரில் இருக்கும் விலாசம்

(பெங்களூரு மல்லேஸ்வரத்தில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "நீங்கள் தபால் இலாகாவில் இருந்தவர், நாலு பேருக்கு உபயோகமாக ஏதாவது சொல்லுங்கள்" என்றார். முப்பத்தைந்து வருஷம் கவர்களின் மேல் எழுதியிருந்த பெயரையும் விலாசத்தையும் படித்தே காலம் தள்ளியவன் நான். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. மேலே எழுதியிருந்தது மட்டும்தான் தெரியும். ஆகவே தெரிந்த விஷயத்தையே பேசுகிறேன்.

பெயரும் விலாசமும் பேசுவதற்கு ஒரு விஷயமா என்று சிலர் நினைக்கலாம். வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஆதார், பான் கார்டு, பாஸ்போர்ட், வங்கிப் பாஸ்புக், வீட்டுப் பத்திரம் ஐந்தையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஐந்திலும் உங்கள் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. இல்லையென்றால் இன்று நான் சொல்லப் போவது உங்களுக்காகத்தான்.

ஒஸ்லோவிலிருந்து வந்த விலாசம்

என் தங்கையின் பேரன் உத்தியோக நிமித்தமாக நார்வே தேசத்துத் தலைநகர் ஒஸ்லோவுக்குப் போனான். ஆவணி அவிட்டத்துக்கு முன்னால் அவனுக்குப் பூணூலும் பஞ்சாங்கமும் அனுப்ப வேண்டும் என்று விலாசம் கேட்டோம். மூன்றே வரி அனுப்பினான். முதல் வரி பெயர். இரண்டாவது வரி தெருவின் பெயரும் கட்டட எண்ணும். மூன்றாவது வரி நான்கு இலக்க எண், பிறகு ஒஸ்லோ. அவன் இருப்பதோ பல வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம். மாடி எண் இல்லை, வீட்டு எண் இல்லை, "பிள்ளையார் கோவிலுக்கு எதிரில்" என்பது போன்ற அடையாளமும் இல்லை.

எனக்குத் தொழில் புத்தி போகவில்லை. "எந்த மாடி என்று எழுதாமல் எப்படியடா வந்து சேரும்?" என்று கேட்டேன். "தாத்தா, கீழே தபால் பெட்டி இருக்கிறது. அதன் மேல் என் பெயர் எழுதியிருக்கிறது. பெட்டியில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெயரை எழுதுங்கள், போதும்" என்றான்.

இது என்னை யோசிக்க வைத்தது. பிறகு அந்த தேசத்து வழக்கத்தைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். உதாரணமாக, நார்வே நாடாளுமன்றத்தின் விலாசம்: கார்ல் யூஹான்ஸ் காத்தே 22, 0026 ஒஸ்லோ. 'காத்தே' என்றால் தெரு. தெருப் பெயர் முன்னால், எண் பின்னால். நம் பின்கோடு ஊருக்குப் பின்னால் வரும். அங்கே எண் ஊருக்கு முன்னால் வருகிறது. இந்த நான்கு இலக்க எண் முறை 1968-ல் வந்தது. வீட்டுக்குத் தனி எண்ணும் உண்டு. 'எச் 0201' என்றால் பிரதான மாடிகளில் இரண்டாவது, அதில் முதல் வீடு. 2001-ஆம் வருஷக் கணக்கெடுப்பை ஒட்டி அரசாங்கம் கொடுத்த எண் இது. குடிமக்கள் பதிவேட்டுக்கு அது வேண்டும். கடிதம் போய்ச் சேர்வதற்கு முக்கியம் பெட்டியின் மேல் உள்ள பெயர்தான்.

நார்வே முழுவதற்கும் ஜனத்தொகை சுமார் 55 லட்சம். நம் பெங்களூரு ஒன்றே அதைத் தாண்டிவிட்டது. ஆகவே அவர்களுக்குச் சௌகரியமாக இருப்பது நமக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெயரும் விலாசத்தின் ஒரு பகுதி என்று அவர்கள் நினைப்பதில் ஓர் உண்மை இருக்கிறது. நம் முன்னோர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

பண்ணையும் பூர்வீகமும்

நார்வேயில் கிராமத்து ஜனங்களுக்குப் பல காலம் குடும்பப் பெயர் என்று ஒன்று நிலையாகக் கிடையாது. ஹான்ஸ் என்பவரின் மகன் ஹான்சென், மகள் ஹான்ஸ்தாத்தர். அதோடு வசிக்கும் பண்ணையின் பெயரையும் சேர்த்துக் கொள்வார்கள். ஒரு பண்ணையை விட்டு இன்னொரு பண்ணைக்குக் குடி போனால் அந்தக் கடைசிப் பெயரும் மாறிவிடும். தன் பெயர், தகப்பனார் பெயர், இருக்கும் இடம் என்று மூன்றும் சேர்ந்ததே ஒரு மனிதனின் முழுப் பெயர்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இது நம் வீட்டு வழக்கம்தானே! ஊர், தகப்பனார், தன் பெயர் என்று நாம் வரிசையை மட்டும் திருப்பிப் போடுகிறோம்.

நார்வேயின் புகழ்பெற்ற நாவலாசிரியர் க்னூட் ஹாம்சுன், 1920-ல் நோபல் பரிசு பெற்றவர். 1859-ல் பிறந்தபோது அவர் பெயர் க்னூட் பெடர்சன். குடும்பம் குடியிருந்த ஹாம்சுண்ட் என்ற பண்ணையின் பெயரே பிற்பாடு உலகம் அறிந்த பெயராயிற்று. நம் பக்கம் ஆர்.கே. நாராயணை எடுத்துக் கொள்ளுங்கள். 'ஆர்' ராசிபுரம், 'கே' தகப்பனார் கிருஷ்ணசுவாமி. நாராயணசுவாமி என்ற பெயரை ஆங்கில வாசகர்களுக்காகச் சுருக்கச் சொன்னவர் கிரகாம் கிரீன். மால்குடி என்ற இல்லாத ஊருக்கு உலகப் புகழ் வாங்கித் தந்தவர், தன் சொந்த ஊரை ஒரே எழுத்தில் அடக்கி வைத்திருந்தார்.

சங்கீத உலகத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அரியக்குடி, செம்மங்குடி, முசிறி என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும், ஆளைச் சொல்ல வேண்டியதில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'எம்' மதுரை, 'எஸ்' அவர் தாயார் சண்முகவடிவு.

கன்னட தேசத்திலும் இதே வழக்கம்தான். குவெம்பு என்று நாம் சொல்லும் மகாகவியின் பெயர் குப்பளி வெங்கடப்பா புட்டப்பா. குப்பளி ஊர், வெங்கடப்பா தகப்பனார். பசவனகுடியில் டி.வி.ஜி. ரோட்டில் நடக்கிறோமே, அந்த டி.வி.ஜி. என்பவர் தேவனஹள்ளி வெங்கடரமணய்யா குண்டப்பா. இன்று விமான நிலையம் இருக்கும் பக்கத்து தேவனஹள்ளிதான் அது. 1983-ஆம் வருஷத்துக்கான ஞானபீடம் பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்கார், வீட்டில் தமிழ் பேசி, எழுதுவதைக் கன்னடத்தில் எழுதியவர். மாஸ்தி என்பது கோலார் ஜில்லா மாலூர் தாலுகாவில் உள்ள ஊர். அந்த ஊரின் பெயரே அவர் பெயராக நிலைத்துவிட்டது.

ஏன், இந்தப் பெங்களூருக்கே இனிஷியல் மோகம் உண்டு! பி.டி.எம். லேஅவுட் என்றால் என்ன? பைரசந்திரா, தாவரெகெரே, மடிவாளா. மூன்று ஊர்களின் முதல் எழுத்து. எச்.எஸ்.ஆர். லேஅவுட் என்பது ஹோசூர்-சர்ஜாபூர் ரோடு.

நாம் பெரியவர்களுக்கு நமஸ்காரம் செய்து அபிவாதயே சொல்கிறோமே, அதுவும் ஒரு விலாச முறைதான். ரிஷிகள், கோத்திரம், சூத்திரம், வேத சாகை எல்லாம் சொல்லி, கடைசியில்தான் தன் பெயர் வரும். சங்கல்பத்தில் இடத்தைச் சொல்வதும் அப்படியே. ஜம்பூத்வீபம், பாரத வர்ஷம், பரத கண்டம், மேருவுக்குத் தெற்குப் பக்கம் என்று பெரியதிலிருந்து சிறியதுக்கு வருகிறோம். தபால் கவரிலோ சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகிறோம். ஒருவன் யார் என்றால் எங்கிருந்து வந்தவன், யாருடைய பிள்ளை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது நம் மரபு.

படிவத்தில் இரண்டு கட்டம்

இப்படி ஒன்றாக இருந்ததைப் படிவங்கள் இரண்டாகப் பிரித்தன. 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டம். விலாசத்துக்கு வேறு கட்டம். நம் பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது?

நார்வேயில் இந்தக் கேள்விக்குச் சட்டமே பதில் சொன்னது. நகரத்து ஜனங்கள் முன்பே குடும்பப் பெயர் வைத்துக் கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். 1923-ல் வந்த சட்டம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலையான ஒரு பெயர் வேண்டும் என்றது. சிலர் தகப்பனார் பெயரையே உறைய வைத்தார்கள். ஹான்சென் என்பவரின் பேரனும் ஹான்சென். பலர் பண்ணையின் பெயரை எடுத்துக் கொண்டார்கள். பக்கத்தில் உள்ள ஐஸ்லாந்து மட்டும் மாறவில்லை. அங்கே இன்றைக்கும் பெரும்பாலோர் தகப்பனார் அல்லது தாயார் பெயரோடுதான் இருக்கிறார்கள். அவர்களுடைய தொலைபேசி டைரக்டரி சொந்தப் பெயர் வரிசையில்தான் அச்சாகி வந்தது.

நமக்கு அப்படி ஒரு சட்டம் வரவில்லை. வர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அதனால் என்ன ஆயிற்று என்றால், ஒவ்வொரு கௌண்டரிலும் ஒவ்வொரு குமாஸ்தா ஒவ்வொரு விதமாக முடிவு செய்தார். ஒரு கற்பனை உதாரணம். கல்லிடைக்குறிச்சி பூர்வீகம், தகப்பனார் ராமசுவாமி, பிள்ளை வெங்கடேசன். பள்ளிக்கூடத்தில் கே.ஆர். வெங்கடேசன். பம்பாயில் வேலை பார்த்தபோது வெங்கடேசன் ஐயர். பான் கார்டில் ராமசுவாமி வெங்கடேசன். பாஸ்போர்ட்டில் வெங்கடேசன் ராமசுவாமி. பெங்களூரில் வீடு வாங்கிய பத்திரத்தில் ஆர். வெங்கடேசன். ஆள் ஒருவர்தான், காகிதத்தில் ஐந்து பேர். அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தால் ஒருவர் ஊர்ப் பெயரையும், ஒருவர் தகப்பனார் பெயரையும், ஒருவர் ஐயர் என்பதையும் குடும்பப் பெயராகப் போட்டிருப்பார்கள். மூவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று காகிதத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1930-ல் நோபல் பரிசு வாங்கிய சி.வி. ராமனும், 1983-ல் வாங்கிய எஸ். சந்திரசேகரும் சித்தப்பாவும் அண்ணன் பிள்ளையும். ராமனின் 'சி' என்பது தகப்பனார் சந்திரசேகர ஐயர். அந்தத் தாத்தாவின் பெயரைத்தான் பேரனுக்கு வைத்தார்கள். நமக்குப் பார்த்தவுடன் புரிகிறது. ஆனால் வெளி தேசத்தவருக்கு 'ராமன் விளைவு', 'சந்திரசேகர் எல்லை' என்ற இரண்டு பெயரிலும் உறவு தெரியாது. விஞ்ஞானிகளுக்கு அதனால் நஷ்டமில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு நஷ்டம் உண்டு.

உங்கள் பான் எண்ணை எடுத்துப் பாருங்கள். பத்து எழுத்துகளில் நாலாவது 'பி' என்று இருக்கும். தனி நபர் என்று அர்த்தம். ஐந்தாவது எழுத்து, எண் கொடுத்தபோது உங்கள் குடும்பப் பெயராக எதை எடுத்துக் கொண்டார்களோ அதன் முதல் எழுத்து. அது தகப்பனார் பெயரா, ஊரா, உங்கள் சொந்தப் பெயரா என்று பாருங்கள். பலருக்கு அது ஆச்சரியமாக இருக்கும்.

வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு வேறு கஷ்டம். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம். ஆனால் அமெரிக்க விசாவில் அப்படிப்பட்டவரின் முழுப் பெயரும் குடும்பப் பெயராகிவிடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று மூன்று எழுத்து வரும். 'முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம். தாத்தா பெயரை ஆசையாகச் சூட்டிய பிள்ளையை அங்கே பெயர் தெரியாதவன் என்கிறார்கள்! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகமும் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மறுத்தது. கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தெளிவுபடுத்தினார்கள். அதற்குள் எத்தனை குடும்பங்கள் கலங்கிப் போயின!

ஒரு மாமியின் எட்டு மாதம்

எங்கள் உறவில் ஒரு மாமி. மாமா காலமாகிவிட்டார். வங்கி ஒன்றில் அவர் பெயரில் பல வருஷமாகப் புதுப்பித்து வந்த டெபாசிட் இருந்தது. ரசீதில் அவர் பெயர் இரண்டு இனிஷியலோடு. ஆதாரில் தகப்பனார் பெயர் விரித்து எழுதப்பட்டிருந்தது. மரணச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருந்தது. நாமினியாக மாமியின் பெயர்தான் இருந்தது. ஆனால் எழுதியது வீட்டில் கூப்பிடும் பெயர், அதுவும் பிறந்த வீட்டு இனிஷியலோடு. மாமியின் ஆதாரில் இருப்பதோ பள்ளிக்கூடப் பெயர், கணவரின் இனிஷியலோடு.

வங்கியில் யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. அவர்களுக்கு விதி இருக்கிறது. இரண்டு பெயரும் ஒருவரே என்று அஃபிடவிட் கேட்டார்கள். நாடகச்சேரியில் வம்ச விருக்ஷம் வாங்கி வரச் சொன்னார்கள். கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்தோம். அதில் மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது. எட்டு மாதம் ஆயிற்று. தொகை பெரியதில்லை. ஆனால் ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்குத் தான் மனைவிதான் என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டி வந்ததே என்று மாமி சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பெண்களுக்கு இந்தச் சிரமம் இரட்டிப்பு. பிறந்தபோது தகப்பனார் இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் இனிஷியல். சில வீடுகளில் பெயரையே மாற்றியிருப்பார்கள். பழைய நார்வேயில் ஹான்ஸ்தாத்தர் கல்யாணமான பிறகும் ஹான்ஸ்தாத்தராகவே இருந்தாள் என்று படித்தபோது, அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மைவிடச் சௌகரியமாக இருந்தார்கள் என்று தோன்றியது.

பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட்டுகளை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு மாற்ற வேண்டும் என்பது 2014 முதல் உள்ள விதி. நிதிக்குப் போனாலும் உரியவர் கேட்டு வாங்கலாம். அப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் கணக்குகளைத் தேட 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. தேடுவது பெயரை வைத்துத்தான். அப்பா பெயரில் 'மூர்த்தி' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினார், இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று தெரியாத பிள்ளை எதைத் தேடுவான்?

மெயினும் கிராஸும்

இனி விலாசத்துக்கு வருகிறேன். பெங்களூரில் விலாசம் எழுதுவது தனி சாஸ்திரம். 'முதல் மெயின், முதல் கிராஸ்' என்று மட்டும் எழுதிய கடிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மெயினும் கிராஸும் ஒவ்வொரு லேஅவுட்டிலும் உண்டு. ஜயநகரில் பிளாக், பனசங்கரியில் ஸ்டேஜ், எச்.எஸ்.ஆரில் செக்டர். லேஅவுட் பெயரும் பிளாக்கோ ஸ்டேஜோ அதுவும் இல்லாவிட்டால் மெயினும் கிராஸும் உதவாது. மனையைப் பாகம் பிரித்தால் 27 என்பது 27/1, 27/2 ஆகும். அந்த ஒரு சாய்கோடு விட்டுப் போனால் கடிதம் தம்பி வீட்டிலிருந்து அண்ணன் வீட்டுக்குப் போகும். அவர்களுக்குள் பேச்சு வார்த்தை இருந்தால் சரி! (சபையில் சிரிப்பு)

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் ஒரு மாற்றாகத்தான் பின்கோடு வந்தது. 1972 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமாயிற்று. இதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். தபால் இலாகா அதிகாரி, சம்ஸ்கிருத பண்டிதரும் கவியும் கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், பல பாஷைகள், பலவிதமான எழுத்துக்கூட்டு என்று இருக்கும் தேசத்துக்கு எண் ஒன்றே வழி என்று கண்டார். திருப்பத்தூர் என்று மட்டும் எழுதினால் எந்தத் திருப்பத்தூர்? ஒன்று இன்று தனி மாவட்டத் தலைநகர், இன்னொன்று சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. முதல் இலக்கம் மண்டலம். 5 என்றால் கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா. 6 என்றால் தமிழ்நாடு, கேரளம். முதல் மூன்று இலக்கம் கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டம். கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் தபாலாபீஸ். இந்த மல்லேஸ்வரம் 560003, பசவனகுடி 560004.

பெயர்கள் மாறின. 2014 நவம்பர் 1-ல் பாங்களூர் பெங்களூரு ஆயிற்று. 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்தது. 560 மாறவில்லை.

2025 மே மாதத்தில் தபால் இலாகா, ஹைதராபாத் ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவின் தேசியத் தொலை உணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கிய 'டிஜிபின்' என்ற பத்து எழுத்துக் குறியீட்டையும் கொண்டு வந்தது. தேசத்தைச் சுமார் நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. பின்கோடு தொடர்கிறது, இது கூடுதல் வசதி. இரவில் ஆம்புலன்ஸ் வர வேண்டுமென்றால் பெரிய உதவிதான். ஆனால் ஒரே கட்டத்தில் மேலும் கீழுமாகப் பத்து மாடி இருக்கலாமே? அங்கே மறுபடியும் மாடி எண்ணும் கதவின் மேல் பெயரும்தான் வேண்டும். ஒஸ்லோவில் தபால் பெட்டியின் மேல் பெயர் எழுதி வைத்தது வீணில்லை.

செய்ய வேண்டியவை

இவ்வளவு சொன்ன பிறகு, என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1. உங்கள் முழுப் பெயரை இனிஷியல் இல்லாமல் விரித்து எழுதி, ஒரே வடிவத்தை முடிவு செய்யுங்கள். ஆதாரும் பானும் முதலில் ஒத்துப் போகட்டும். மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுங்கள். வேறொருவர் கைபேசியில் அவசரமாக நிரப்பித் தருவதற்கு முன் நீங்களே தாளில் எழுதிக் கொடுங்கள்.

2. குடும்பப் பெயர்க் கட்டத்தில் எதைப் போடுவது என்று குடும்பமாக உட்கார்ந்து தீர்மானியுங்கள். தகப்பனார் பெயரா, ஊரா, வேறா என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஒரு வீட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழிலேயே அதை எழுதிவிட்டால் பிற்பாடு சிரமம் குறையும்.

3. கல்யாணமாகும் பெண்கள் பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாற்றினால் எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். விவாகப் பதிவுச் சான்றிதழ் இரண்டு பெயருக்கும் பாலம். அதைப் பத்திரமாக வையுங்கள்.

4. 2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு நாலு நாமினி வரை போடலாம். ஒவ்வொருவரின் பெயரையும் அவரவர் ஆதாரில் உள்ளபடி எழுதுங்கள். 'அம்புலு', 'கண்ணன்' என்ற செல்லப் பெயரெல்லாம் ஊஞ்சலில் கூப்பிட மட்டும்.

5. பெங்களூரில் சொத்து உள்ளவர்கள் இ-கத்தா வாங்கும்போது பத்திரத்தில் உள்ள பெயரையும் ஆதாரில் உள்ள பெயரையும் ஒப்பிடுகிறார்கள். வெளியூரில் இருக்கும் உறுப்பினர்கள் அடுத்த முறை வரும்போது இதைக் கையோடு கவனித்து விடுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில், பெயரோடு இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று அரசாணை வந்தது. ஆகவே 'கே' என்பது 'கி' ஆகியிருக்கலாம். அதையும் பாருங்கள்.

6. விலாசத்தில் கதவு எண், மாடி, கட்டடம், மெயின், கிராஸ், லேஅவுட்டின் ஸ்டேஜ் அல்லது பிளாக், பின்கோடு என்று வரிசை தவறாமல் எழுதுங்கள். வாசல் கதவில் உங்கள் பெயரை எழுதி வையுங்கள். கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கட்டும். மனைவி பெயருக்கு வரும் கடிதம் "இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை" என்று திரும்பிப் போனதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

நோட்டுப் புத்தகம்

கடைசியாக ஒன்று. காகிதத்தில் ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டால், பெயரில் இருந்த ஊர் மெதுவாக மறைந்துவிடும். பாஸ்போர்ட்டுக்கு வேண்டாம் என்று விட்ட 'கே' என்ற எழுத்து கல்லிடைக்குறிச்சியா, கும்பகோணமா, கூத்தூரா என்று பேரனுக்குத் தெரியாமல் போகும். நார்வேக்காரர்கள் 1923-க்குப் பிறகும் பண்ணையின் பெயரைக் குடும்பப் பெயராக வைத்து அதைக் காப்பாற்றிக் கொண்டார்கள். அங்கே குடியேறிய இலங்கைத் தமிழர்கள் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதினால், தாத்தாவின் பெயர் பேரனிடம் நிற்கும். நம் குடும்பத்தில் எது நிற்க வேண்டும் என்று நாம்தான் யோசிக்க வேண்டும்.

அதற்காக ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வீட்டில் ஒவ்வொருவர் பெயரும், இனிஷியலின் விரிவும், பூர்வீக ஊரும், எந்தத் தாலுகா என்பதும், பாட்டனார் பெயரும் எழுதுங்கள். கூடவே எந்த வங்கியில், எந்தப் பத்திரத்தில் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அபிவாதயே பிள்ளைகளுக்குத்தான் சொல்லித் தருகிறோம். அதில் தாயார் பெயரும் பாட்டி பெயரும் வருவதில்லை. நோட்டில் அவர்கள் பெயரையும் பிறந்த ஊரையும் முதலில் எழுதுங்கள். பெண் குழந்தைகளிடமும் ஒரு நகல் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு உங்கள் காகிதங்களைக் கொண்டு வாருங்கள். என்னோடு இன்னும் இரண்டு ஓய்வு பெற்ற நண்பர்கள் உட்காருகிறோம். எந்தெந்தக் காகிதத்தில் எது ஒத்துப் போகவில்லை என்று பார்த்து, எந்த அலுவலகத்துக்கு எப்படி மனு எழுத வேண்டும் என்று சொல்கிறோம். தனியாக இருக்கும் மூத்த மாமிகளை யாராவது முதலில் அழைத்து வந்தால் நல்லது.